இடிந்த மணிக்கூண்டும் நின்ற ஆலயமும்: தர்மசாலா வனத்து யோவான் தேவாலயம் குறித்து

ஒரு கட்டடத்தைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் அதில் உள்ளவற்றை எண்ணி எழுதுவதே வழக்கம். தூண் இத்தனை, உயரம் இத்தனை, கட்டியவர் இன்னார் என்று பட்டியல் போட்டால் கட்டுரை முடிந்துவிடும். இமாசலப் பிரதேசத்துத் தர்மசாலாவில் தேவதாரு மரங்களுக்கு நடுவே நிற்கும் வனத்து யோவான் தேவாலயத்தைப் பற்றி அப்படி எழுத முடியாது. அங்கே முக்கியமாகப் பார்க்க வேண்டிய பொருள் அங்கே இல்லை. அதன் மணிக்கூண்டு 1905ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் விழுந்தது. அதற்குப் பிறகு அதை யாரும் திரும்பக் கட்டவில்லை. கட்டாமல் விட்டதே அந்தக் கோயிலின் பெருமை என்பதுதான் இக்கட்டுரையில் நான் நிறுவ முற்படுவது.

சமணன் ஒருவன் சர்ச்சைப் பற்றி எழுதுவானேன் என்று சங்கத்து நண்பர்கள் கேட்கலாம். வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பம் என்னுடையது. தில்லிக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தொழில் கட்டடச் சாமான் வியாபாரம். சிமெண்டு, டைல்ஸ், கல் பலகை விற்றுப் பிழைக்கிறவன். என் படிப்பு கல்லூரிப் படிப்பு அல்ல, கல்லாவில் உட்கார்ந்து படித்த படிப்பு. ஆகவே ஒரு கோயிலைப் பார்த்தால் எந்தச் சாமிக்குக் கட்டியது என்பதற்கு முன்னால், எதனால் கட்டியது, எப்படி நிற்கிறது என்றுதான் என் கண் போகும். இந்தக் கண்ணோடு பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

1. இடமும் காலமும்

காங்க்ரா கோட்டைக்குள் ஆதிநாதர் திருமேனி ஒன்று இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. வடநாட்டுச் சமணர்கள் யாத்திரையாக வருகிற இடம். அந்தத் தரிசனத்துக்காகத்தான் நானும் சில நண்பர்களும் போயிருந்தோம். காங்க்ராவிலிருந்து தர்மசாலா பக்கம்தான். தர்மசாலாவுக்கு மேலே ஃபோர்சித் கஞ்ச், அதற்கும் மேலே மெக்லியோட் கஞ்ச். 1960 முதல் தலாய் லாமா அவர்கள் வாழும் இடம் என்பதால் மெக்லியோட் கஞ்சை உலகமே அறியும். இந்த இரண்டு கஞ்சுகளுக்கும் நடுவில், சாலையை விட்டுக் கொஞ்சம் இறங்கினால், இந்தத் தேவாலயம்.

முதல் சீக்கியப் போர் முடிந்து 1846இல் காங்க்ரா நாடு கும்பினியார் கைக்கு வந்தது. மலைமேல் பட்டாளம் வந்தது, பட்டாளத்தோடு அதிகாரிகள் வந்தார்கள், அதிகாரிகளோடு கோயிலும் வந்தது. 1852இல் இதைக் கட்டினார்கள். பெயர் திருமுழுக்கு யோவான் பெயர். அவர் வனாந்தரத்தில் நின்று குரல் கொடுத்தவர் என்று விவிலியம் கூறும். மலை வாசஸ்தலங்களில் ஆங்கிலேயர் கட்டிய கோயில்களுக்கு இந்தப் பெயர் பொருத்தமாகவே அமைந்தது. நைனிதாலிலும் இதே பெயரில் ஒரு தேவாலயம் உண்டு. 1880இல் அங்கே மலை சரிந்து 151 பேர் இறந்தார்கள். அவர்கள் நினைவாகப் பித்தளைத் தகடு அக்கோயிலில் இருக்கிறது. இரண்டு வனத்து யோவான்களும் மலையின் கோபத்தைப் பார்த்தவர்கள்.

இது கதீட்ரல் அல்ல. ஊருக்கு ஒதுக்குப்புறமாக, ஒரு சின்னப் பட்டாளக் குடியிருப்புக்குப் போதுமான அளவில் கட்டிய கோயில். இங்கிலாந்தில் கிராமத்துக்குக் கிராமம் இருக்கும் கோயில் எதுவோ, அதைத்தான் வந்தவர்கள் இங்கே கட்டிக்கொண்டார்கள். நாமும் தில்லிக்கு வந்ததும் முருகன் கோயிலும் பிள்ளையார் கோயிலும்தானே கட்டினோம்? வெளியூரில் குடியேறினவன் முதலில் கட்டுவது தன் ஊர் ஞாபகத்தைத்தான். ஆகவே இதைப் பார்க்கும்போது 'வெள்ளைக்காரன் கட்டினது' என்று மட்டும் பார்த்து ஒதுக்கிவிடக் கூடாது.

2. கட்டுமானம்

பாணி கோதிக். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிரான்சில் தோன்றி, பிறகு ஐரோப்பா முழுவதும் பரவி, வழக்கொழிந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் மறுபடி கையில் எடுத்த பாணி இது. பம்பாய் கொலாபாவில் 'ஆப்கான் சர்ச்' என்று வழங்கும் தேவாலயம் 1858இல் அர்ச்சிக்கப்பட்டது. இந்தியாவில் இந்தப் புதுக் கோதிக்குக்கு அதைப் பெரிய உதாரணமாகச் சொல்வார்கள். தர்மசாலாக் கோயில் அதைவிட ஆறு வருஷம் மூத்தது, ஆனால் எளியது.

கோதிக்கின் உயிர் கூர்வளைவில் இருக்கிறது. அரைவட்ட வளைவு பாரத்தைப் பக்கவாட்டில் அதிகம் தள்ளும். வளைவின் உச்சி கூராகிவிட்டால் அந்தத் தள்ளுதல் குறைந்து பாரம் கீழ்நோக்கி இறங்கும். மீதித் தள்ளுதலைச் சுவருக்கு வெளியே முட்டுக்கொடுத்து நிறுத்துவார்கள். கொத்தனார்கள் இன்றும் அதைப் 'பட்ரஸ்' என்றுதான் சொல்கிறார்கள். இந்த ஏற்பாட்டால் சுவர் முழுக்கப் பாரம் தாங்க வேண்டியதில்லை. நடுவே பெரிய ஜன்னல் வைத்து வெளிச்சத்தை உள்ளே விடலாம். நம் கருவறையோ வெளிச்சத்தை வெளியே நிறுத்துகிற கட்டடம். இருட்டுக்குள் ஒரு விளக்கு என்பது நம் முறை. வெளிச்சத்துக்கே நிறம் கொடுப்பது அவர்கள் முறை. இரண்டுக்கும் நோக்கம் ஒன்றுதான்: வெளியே இருந்த மனசை உள்ளே திருப்புவது.

தர்மசாலாவில் இந்த இலக்கணம் அடக்கமாகவே கையாளப்பட்டிருக்கிறது. சாம்பல் நிறக் கல், சரிவான கூரை, கூர்வளைவு ஜன்னல்கள். சிற்பம் இல்லை, பூவேலை இல்லை. வெளியே இருந்து பார்த்தால் சுற்றியுள்ள மரத்தின் நிழலும் கல்லின் நிறமும் ஒன்றாகிக் கட்டடம் கொஞ்சம் தாமதமாகத்தான் கண்ணுக்குத் தெரியும். உள்ளே போனால் கண் பழகச் சற்று நேரமாகும். அதன்பின் பெல்ஜியத்திலிருந்து வந்த வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் துலங்குகின்றன. இவை எல்ஜின் பிரபுவின் மனைவி கொடுத்த காணிக்கை. கல்லெல்லாம் மங்கலாக இருப்பதால்தான் கண்ணாடி பேசுகிறது. சுவரையும் அலங்கரித்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று கெடுத்திருக்கும். டைல்ஸ் வாங்க வருகிறவர்களிடம் நான் அடிக்கடி சொல்வது இதுதான்: "எல்லாச் சுவரும் பளபளன்னா எந்தச் சுவரும் தெரியாதுங்க." யாரும் கேட்கிறதில்லை, அது வேறு விஷயம்.

குறையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது திறனாய்வு ஆகாது. இந்தக் கட்டடம் மலையிலிருந்து கல்லை எடுத்துக்கொண்டதே தவிர, மலைவாசிகளின் கட்டட அறிவை எடுத்துக்கொள்ளவில்லை. குலு, சிம்லாப் பகுதிகளில் 'காட்டுகுணி' என்று ஒரு முறை இருக்கிறது. தேவதாரு உத்தரத்தை ஒரு வரிசை, கல்லை ஒரு வரிசை என்று மாற்றி மாற்றி அடுக்கி, மூலைகளில் மரத்தை ஒன்றோடொன்று பூட்டிவிடுவார்கள். சாந்தே கிடையாது. நிலம் ஆடும்போது சுவரும் கூட ஆடி, திரும்பத் தன் இடத்தில் உட்காரும். குலுவில் நக்கர் கோட்டை இம்முறையில் கட்டியது. 1905இல் அது தப்பி நின்றது என்பார்கள். தேவதாருக் காட்டுக்கு நடுவிலேயே கட்டினவர்கள், அந்த மரத்தைச் சுவருக்குள் வைக்கும் வித்தையைப் பக்கத்து மலைக்காரனிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்காததற்கு மணிக்கூண்டு விலை கொடுத்தது.

3. 1905 ஏப்ரல் 4

அன்று விடியற்காலை ஆறு மணிக்குமேல் காங்க்ராப் பள்ளத்தாக்கு ஆடியது. ரிக்டர் அளவில் 7.8 என்று பிற்காலத்தார் கணிக்கிறார்கள். சுமார் இருபதாயிரம் பேர் இறந்தார்கள். குளிர்காலம் முடிகிற நேரம், ஜனங்கள் வீட்டுக்குள்ளே தூங்கிக்கொண்டிருந்த நேரம். காங்க்ராவின் பிரஜேஸ்வரி அம்மன் கோயில் விழுந்தது. கோட்டை சிதைந்தது. தர்மசாலாவில் வீடு, பாரக், கடை எல்லாம் தரைமட்டம். வனத்து யோவான் கோயிலின் மணிக்கூண்டு விழுந்தது. கோயில் நின்றது. அந்த நிலநடுக்கத்தில் இறந்தவர்கள் பலர் கோயிலை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார்கள்.

எங்களை அழைத்துப் போன டாக்சிக்காரர் இதைச் சொல்லி, "சமத்கார், லாலாஜி" என்றார். அதிசயம் என்கிறார். சுற்றுலாப் புத்தகங்களும் இதையேதான் ஆளுக்கொரு விதமாக எழுதுகின்றன. இந்த வாசிப்பை நான் ஏற்கவில்லை. இருபதாயிரம் பேர் இறந்த காலையில் ஒரு கட்டடம் பிழைத்ததை அதிசயம் என்றால், செத்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு எந்த மதத்தாலும் கௌரவமாகப் பதில் சொல்ல முடியாது.

கட்டடம் பிழைத்ததற்குக் காரணத்தைக் கட்டடத்திலேயே தேடலாம். உயரமாகவும் ஒல்லியாகவும் இருக்கும் கல் வேலைப்பாடு ஆட்டத்தில் அதிகம் அலையும். கீழே ஒரு விரல் ஆடினால் உச்சியில் ஒரு சாண் ஆடும். கல்லுக்கு அமுக்கம் தாங்கத் தெரியும், இழுப்பு தாங்கத் தெரியாது. சுண்ணாம்புச் சாந்தும் அப்படித்தான். மேலும் உயரமான கூண்டுக்கும் தாழ்ந்த கூடத்துக்கும் ஆட்டத்தின் தாளம் வேறு வேறு. இரண்டும் சேர்கிற இடத்தில் முதலில் வெடிக்கும். தாழ்ந்து, அகன்று, கனத்த சுவரோடு உட்கார்ந்திருக்கும் கூடம் அதே ஆட்டத்தைத் தாங்கக்கூடியது. ஆகவே அன்று நடந்தது ஒரு பரீட்சை. உயரத்துக்காகக் கட்டினது விழுந்தது. கூடி உட்காருவதற்காகக் கட்டினது நின்றது. அதிசயம் என்ற வார்த்தையைப் போட்டால் இந்தப் பாடம் மறைந்துவிடும்.

காங்க்ரா மாவட்டத்திலேயே இதற்கு இன்னொரு சாட்சி உண்டு. பைஜ்நாத் சிவன் கோயில் 1204ஆம் ஆண்டினது. ஆஹுகன், மன்யுகன் என்ற இரண்டு வணிகச் சகோதரர்கள் கட்டியது. வியாபாரி கட்டின கோயில் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். 1905இல் அதற்கும் அடி விழுந்தது, ஆனால் அது சாயவில்லை. அதன் கோபுரம் உயரமானதுதான். ஆனால் கீழே அகன்று மேலே போகப் போகக் குறுகி, தன் பாரத்தைத் தானே மடியில் வாங்கிக்கொள்கிற கோபுரம். உயரம் குற்றமில்லை; உயரத்தை எப்படி உட்கார வைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது விஷயம்.

4. பெயர்களும் பெயரில்லாதவர்களும்

கோயிலுக்குப் பின்புறம் எட்டாவது எல்ஜின் பிரபுவின் கல்லறையும் அதன்மேல் கல்லில் எழுப்பிய நினைவுச் சின்னமும் உள்ளன. ஜேம்ஸ் புரூஸ் என்பது அவர் பெயர். 1862இல் இந்தியாவுக்கு வைஸ்ராயாக வந்து, மலைப் பயணத்தில் இருதயம் பழுதாகி, 1863 நவம்பர் 20 அன்று தர்மசாலாவில் இறந்தார். இவருடைய தந்தை ஏழாவது எல்ஜின், ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தினன் கோயில் சிற்பங்களைப் பெயர்த்து லண்டனுக்குக் கொண்டு போனவர். 1816இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கென்று அவை வாங்கப்பட்டன. மகன், 1860 அக்டோபரில் பீக்கிங் நகருக்கு வெளியே இருந்த சீனச் சக்கரவர்த்தியின் கோடை அரண்மனையை எரிக்க உத்தரவிட்டவர். ஒருவர் கோயிலைப் பிரித்தார், ஒருவர் அரண்மனையை எரித்தார். அந்த மகன் வந்து படுத்த இடத்தில் பூமி ஆடிக் கோபுரம் விழுந்தது.

இதைக் கேட்டதும் எங்கள் கூட்டத்தில் ஒருவர் "வினைப்பயன்" என்றார். சொல்ல எளிது. ஆனால் சமண சித்தாந்தப்படி வினை உயிரைத்தான் பற்றும். கல்லையும் சுண்ணாம்பையும் பற்றாது. எல்ஜின் பிரபுவின் வினை அவரோடு போயிற்று. மணிக்கூண்டு விழுந்ததற்கு இயற்பியல் போதும். அதே சமயம் ஒன்றைக் கவனிக்கலாம். மூன்று நாட்டு அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த ஒரு மனிதர், தன் பதவிக்குச் சற்றும் பொருந்தாத ஒரு சின்னக் கோயிலின் புறத்தில், மரநிழலில் இருக்கிறார். கல்கத்தாவில் படுத்திருந்தால் அவர் நினைவுச் சின்னங்களுள் ஒருவராகிப் போயிருப்பார். இங்கே அவருக்குக் காடு ஒரு அளவைக் கற்பிக்கிறது.

கோயிலுக்குள் சுவரில் நினைவுக் கற்கள் பதித்திருக்கிறார்கள். அதிகாரிகள், பட்டாளத்தார் பெயர்கள். கல் சுமந்தவன் பெயர் இல்லை, மரம் அறுத்தவன் பெயர் இல்லை, சாரம் கட்டினவன் பெயர் இல்லை. நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் நிற்கிற சுவரை எழுப்பின கொத்தனார் யார் என்று அந்தச் சுவர் சொல்லவில்லை. இதை அக்கோயிலின் இரண்டாவது பெருங்குறையாகக் கருதுகிறேன். பைஜ்நாத் கல்வெட்டில் கட்டுவித்த வணிகர்கள் பெயரோடு கட்டின சிற்பிகள் பெயரும் இருக்கிறது. அறுநூற்றைம்பது வருஷம் முன்னாலேயே அந்தப் பள்ளத்தாக்கில் இருந்த நாகரிகம் அது.

நினைவுக் கல் என்றதும் எங்கள் பக்கத்துத் திருநாதர்குன்று ஞாபகம் வருகிறது. செஞ்சிக்கு அருகில் இருக்கும் பாறை. ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியருக்கு அங்கே நிசீதிகைக் கல்வெட்டு இருக்கிறது. பெயர், நாள் கணக்கு, இது நிசீதிகை என்ற செய்தி, அவ்வளவுதான். ஒரே வாக்கியம். மண்டபம் இல்லை, கூரை இல்லை. ஒரு மனிதனை நினைப்பதற்கு எவ்வளவு கல் தேவை என்ற கேள்விக்கு உலகத்தில் கிடைத்த மிகச் சிக்கனமான பதில் அது. எல்ஜின் சின்னத்தை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சின்னம் அழகாகவே இருக்கிறது. ஆனால் பேச்சு அதிகம்.

5. கட்டாமல் விட்டது

இப்போது மூலக் கருத்துக்கு வருகிறேன். மணிக்கூண்டு போன பிறகு கோயிலுக்கு மணி வேண்டியிருந்தது. 1915இல் லண்டனில் மியர்ஸ் அண்ட் ஸ்டெயின்பாங்க் பட்டறையில் வார்த்த ஒரு புது மணியைத் தருவித்தார்கள். கடல் கடந்து, மலையேறி வந்த மணி. அதைத் தூக்கி வைக்கக் கூண்டு கட்டவில்லை. கோயில் வளாகத்திலேயே தாழ்வாக ஒரு இடம் அமைத்து அதில் தொங்கவிட்டார்கள். இன்றும் அப்படித்தான் இருக்கிறது. மணிக்கு வேண்டியது ஓசை. ஓசைக்கு உயரம் கொஞ்சம் உதவும், ஆனால் அவசியமில்லை என்று தீர்மானித்தது போல.

"அது தீர்மானம் இல்லை ஐயா, காசு இல்லை. ஊர் அழிஞ்சு போச்சு, கீழே போய்ட்டாங்க. அதனாலே கட்டலை" என்று ஒரு நண்பர் வாதாடினார். இருக்கலாம். நிலநடுக்கத்துக்குப் பிறகு மேல் தர்மசாலா களையிழந்தது உண்மையே. ஆனால் ஒரு கட்டடத்தை விமர்சிக்கும்போது கட்டினவர் மனசில் என்ன இருந்தது என்பது ஒரு பாதிதான். நிற்பது என்ன சொல்கிறது என்பது மறுபாதி. கவிதைக்கும் இதே நியாயம்தான். கவிஞர் அவசரத்தில் விட்ட அடி என்பதற்காக, அந்த இடைவெளி தரும் பொருளை வேண்டாம் என்பாரில்லை. இங்கே அந்த இடைவெளி தெளிவாகவே பேசுகிறது. முகப்பைப் பார்க்கிறவன் மேலே எதையோ தேடுகிறான், காணவில்லை. திரும்பினால் மணி கீழே இருக்கிறது. ஏன் என்று கேட்கிறான். கேட்டவுடன் 1905 அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. கல்லறைத் தோட்டத்தில் கிடப்பவர்கள் அவனுக்கு வெறும் பெயர்களாக இல்லாமல் ஒரு காலை நேரத்து மனிதர்களாக ஆகிறார்கள். கூண்டைப் பழையபடி கட்டியிருந்தால் இந்தக் கேள்வியே எழாது.

சமணக் கோயில்களுக்கு முன்னால் மானஸ்தம்பம் என்று ஒரு கல்தூண் நிற்கும். மேல்சித்தாமூரில் பார்த்திருப்பீர்கள். அதை நிமிர்ந்து பார்க்கிறவனுடைய மானம், அதாவது செருக்கு, உதிர்ந்துபோகும் என்பது ஐதிகம். உயரத்தால் செருக்கை அடக்குவது எங்கள் வழி. இந்தத் தேவாலயத்தில் விழுந்த கோபுரம் அதே வேலையைச் செய்கிறது. இறங்கி வந்த மணி அதன் மானஸ்தம்பம். இப்படி ஒரு பொருளைக் கட்டினவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் நான் அங்கே நின்றபோது வேறு எப்படியும் பார்க்க முடியவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஊட்டியை எடுத்துக்கொள்ளலாம். அங்குள்ள செயின்ட் ஸ்டீபன் தேவாலயம் 1830–31இல் முடிந்தது. அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் அரண்மனையைப் பிரித்து மலைமேல் இழுத்து வந்தவை. நல்ல மரம், நல்ல கோயில். ஆனால் ஒருவருடைய கூரை இன்னொருவருடைய கூரையானது என்பதை யாராவது சொன்னால்தான் தெரியும். கட்டடம் தானாகச் சொல்லாது. தர்மசாலாக் கோயில் தன் சரித்திரத்தைத் தானே சொல்கிறது. பார்க்கிறவன் கண்ணைத் திறந்திருந்தால் போதும்.

இதனால் எல்லாவற்றையும் இடிந்தபடியே விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காங்க்ரா பிரஜேஸ்வரி கோயிலை மறுபடி கட்டினார்கள், கட்டத்தான் வேண்டும். அங்கே தினமும் ஆயிரம் பேர் வந்து நிற்கிறார்கள், அம்மனுக்குக் கூரை வேண்டும். கூரை விழுந்தால் போடு, ஒழுகினால் அடை, சுவர் பிளந்தால் முட்டுக்கொடு. இதில் இரண்டாவது பேச்சுக்கே இடமில்லை. வழிபாட்டுக்குத் தேவையானது வேறு, கௌரவத்துக்காக வைப்பது வேறு. தர்மசாலாவில் கூடத்தைக் காப்பாற்றினார்கள், ஜன்னலைக் காப்பாற்றினார்கள், மணியை வரவழைத்தார்கள். கௌரவத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். இந்தப் பாகுபாடுதான் எனக்கு அதில் பிடித்தது.

6. நம் பக்கம்

இவ்வளவு தூரம் போய் ஒரு மலைக் கோயிலைப் பற்றி எழுதுவதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. எங்கள் ஊர் ஜினாலயத்துக்குத் திருப்பணி நடக்க இருக்கிறது. கமிட்டிக்காரர்கள் எனக்குப் போன் செய்தார்கள். "மாமா, நீங்க டைல்ஸ் பிசினஸ்ல இருக்கீங்க. மகாமண்டபத்துக்கு முழுக்க வெள்ளை டைல்ஸ் போட்டுக் குடுத்தீங்கன்னா ஊரே உங்க பேரைச் சொல்லும். சுவத்துல பழைய படம் பாதிக்கு மேல போயிடுச்சு, அதையும் சுண்ணாம்பு அடிச்சுட்டுப் புதுசா பெயிண்டு பண்ணிடலாம்" என்றார்கள். அன்பாகத்தான் கேட்டார்கள். பக்தியோடுதான் கேட்டார்கள். இப்படி அன்போடும் பக்தியோடும்தான் நம் பக்கத்தில் எத்தனையோ கோயில்களின் கல்வெட்டு டைல்ஸுக்கு அடியில் போயிற்று, ஓவியம் எனாமலுக்கு அடியில் போயிற்று. சாண்ட் பிளாஸ்ட் போட்டுக் கல்லின் உளி அடையாளத்தையே துடைத்த கோயில்களையும் பார்த்திருக்கிறேன்.

திருப்பருத்திக்குன்றத்துச் சங்கீத மண்டபத்தைப் பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டினார். அதன் விதானத்தில் தீர்த்தங்கரர் சரிதங்கள் ஓவியமாக உள்ளன. அண்ணாந்து பார்த்தால் தொடர்ந்து வரும் கதை நடு நடுவே அறுந்து போகும். சித்தன்னவாசல் தாமரைக் குளத்து ஓவியத்திலும் பாதிதான் மிச்சம். அந்த மீதிக் குளத்தையும் மீனையும் நல்ல பெயிண்டரை வைத்து முடித்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் ஒப்புக்கொள்வோமா? மாட்டோம். சித்தன்னவாசல் புத்தகத்தில் வந்துவிட்டதால் மாட்டோம். நம் ஊர்க் கோயில் புத்தகத்தில் வரவில்லை, அதனால் சம்மதிக்கிறோம். இதில் என்ன நியாயம்?

கமிட்டிக்கு நான் எழுதிய பதில் இது: கூரை ஒழுகுகிறதே, அதற்கு ஆகும் செலவு முழுவதும் என்னுடையது. மழைநீர் போக வடிகால் என்னுடையது. சுண்ணாம்புச் சாந்து வேலை தெரிந்த ஆளைக் கூட்டி வருவதும் என் பொறுப்பு. டைல்ஸ் ஒரு பெட்டிகூடத் தர மாட்டேன். ஓவியத்தின்மேல் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மிச்சமிருப்பது மிச்சமிருக்கட்டும். போன இடத்தை வெறுஞ்சுவராக விடுங்கள். நம் பிள்ளைகள் "இங்கே என்ன இருந்தது?" என்று கேட்கட்டும்.

சிலருக்கு வருத்தம். டைல்ஸ் விற்கிறவனே டைல்ஸ் வேண்டாம் என்றால் அவர்களுக்கு அது கஞ்சத்தனமாகத்தான் தெரியும். ஊர்க் கூட்டம் இன்னும் முடிவு செய்யவில்லை.

தில்லியில் வாழும் நம்மவர்கள் விடுமுறைக்கு மலைக்குப் போவது வழக்கம். மெக்லியோட் கஞ்சுக்குப் போனால் இந்தக் கோயிலுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஜன்னலைப் பாருங்கள், கல்லைத் தொட்டுப் பாருங்கள். முகப்பின்மேல் வானம் தெரிகிற இடத்தைக் குழந்தைகளுக்குக் காட்டிச் சொல்லுங்கள். பிறகு அடுத்த முறை உங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கோ, தேவாலயம் புதுப்பிப்புக்கோ, பள்ளிவாசல் விரிவாக்கத்துக்கோ நன்கொடை கேட்டு வரும்போது, பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் எது கூரை, எது கௌரவம்? கூரைக்குத் தாராளமாகக் கொடுங்கள்.